புக்கானனின் பயணநூலும் கொங்கு நாட்டு அரிய நூல் சேகரிப்பும்: ஒரு மதிப்பீடு

பிரான்சிஸ் புக்கானன் 1800, 1801 ஆண்டுகளில் சென்னையிலிருந்து மைசூர், கனரா, மலபார் நாடுகள் வழியாகச் சென்ற பயணத்தின் நாட்குறிப்பு 1807-இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. கொங்கு நாட்டின் வேளாண்மை, தொழில்கள், குடிகள், காடுகள் பற்றி ஐரோப்பியர் நேரில் பார்த்து விரிவாக எழுதிய தொடக்ககால நூல்களில் இது முக்கியமானது. கோவை வட்டாரத்தில் பழைய ஆங்கில நூல்களைத் திரட்டுபவர்கள் விரும்பித் தேடும் நூல்களில் ஒன்றாகவும் இருக்கிறது. தேடப்படும் அளவுக்கு இந்நூல் வாசிக்கப்படுவதில்லை. இந்நூலில் மலசர் பழங்குடியினரைப் பற்றி வரும் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, நூலின் மதிப்பையும் குறைகளையும், இத்தகைய நூல்களைச் சேகரிக்கும் நம் பழக்கத்தையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

நூலாசிரியர்

பிரான்சிஸ் புக்கானன் (1762–1829) ஸ்காட்லாந்தில் பிறந்தவர். மருத்துவம் படித்து கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள மருத்துவப் பணியில் சேர்ந்தார். தாவரவியலில் ஈடுபாடு மிக்கவர். பிற்காலத்தில் தாய்வழிச் சொத்தைப் பெற்றபோது ஹாமில்டன் என்ற பெயரை ஏற்றதால் நூல்களில் புக்கானன்-ஹாமில்டன் என்றும் குறிப்பிடப்படுகிறார். கங்கையாற்று மீன்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1822-இல் வெளிவந்தது.

1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் இறந்தபின் கோவைப் பகுதி கம்பெனியின் கைக்கு வந்தது. புதிதாகக் கிடைத்த நிலத்தில் என்ன விளைகிறது, யார் என்ன தொழில் செய்கிறார்கள், எங்கிருந்து வருவாய் பெறலாம் என்பதை அறிய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி புக்கானனை அனுப்பினார். 1800 ஏப்ரலில் சென்னையில் புறப்பட்டவர் 1801 ஜூலையில் திரும்பினார். 1800-இன் பிற்பகுதியில், மைசூர் மேட்டிலிருந்து இறங்கி கொங்கு நாட்டைக் கடந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலபாருக்குச் சென்றார்.

ஆகவே இது ஊர்சுற்றி எழுதிய நூல் அல்ல. வென்றவன் தன் புதிய சொத்துக்குப் போட்ட கணக்கு. நூலின் நீண்ட தலைப்பிலேயே வேளாண்மை, தொழில், வணிகம் ஆகியவற்றை ஆராய்வதே நோக்கம் என்று சொல்லப்பட்டுள்ளது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பக்கத்தையும் வாசிக்க வேண்டும்.

பதிப்புகள்

முதற்பதிப்பு 1807-இல் லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் இருந்த கேடல் அண்ட் டேவிஸ் என்ற புத்தக வணிகர்களின் வெளியீடாக வந்தது. நிலவரைபடமும் செப்புத்தகட்டுப் படங்களும் கொண்ட மூன்று பெரிய தொகுதிகள். இரண்டாம் பதிப்பை சென்னை ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனம் 1870-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. புது தில்லி ஏஷியன் எஜுகேஷனல் சர்வீசஸ் நிறுவனம் 1988-இல் முதற்பதிப்பை அப்படியே படியெடுத்து மறுபதிப்பு செய்தது. இன்று முதற்பதிப்பின் மின்படிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

சேகரிப்பாளர் முதற்பதிப்பைத் தேடுவதில் தவறில்லை. தாளும் அச்சும் படங்களும் அதில் வேறு. ஆனால் வாசகனுக்கு வேண்டியது குறிப்புரையுள்ள ஒரு பதிப்பு. படியெடுத்த மறுபதிப்பு பழைய பக்கத்தைத் திருப்பித் தருகிறதே தவிர அந்தப் பக்கத்தைப் புரியவைப்பதில்லை.

ஒரே கடையில் விற்ற இரண்டு காடுகள்

இந்நூலின் இடத்தைப் புரிந்துகொள்ள, அதே வெளியீட்டாளர்கள் வெளியிட்ட வேறு சில நூல்களைப் பார்ப்பது உதவும். வட அமெரிக்காவின் வடகோடியில் தோல் வணிகக் கம்பெனிக்காகப் பயணம் செய்த சாமுவேல் ஹெர்னின் நூல் 1795-இல் வெளிவந்தபோது அதன் தலைப்புப் பக்கத்தில் கேடல் பெயர் இருந்தது. 1789-இல் ஆர்க்டிக் கடலையும் 1793-இல் பசிபிக் கடலையும் அடைந்த அலெக்ஸாண்டர் மெக்கன்சியின் பயணநூலை 1801-இல் வெளியிட்டவர்களும் கேடல் அண்ட் டேவிஸ்தான். பீவரின் தோல் வரும் பனிக்காட்டையும், தேனும் மெழுகும் வரும் ஆனைமலைக் காட்டையும் பற்றிய நூல்களை லண்டன் வாசகர் ஒரே கடையில் வாங்கியிருக்க முடியும்.

இது வெறும் தற்செயல் அல்ல. இரண்டு வகை நூல்களின் பின்னாலும் வணிகக் கம்பெனிகள் இருந்தன. ஹட்சன் பே கம்பெனி 1670-இல் இங்கிலாந்து அரசரிடமிருந்து பெற்ற சாசனம் ஒரு பெருநிலப்பரப்பின் வணிகம் முழுவதையும் அதற்கு மட்டுமே உரியதாக்கியது. அங்கே பீவர் தோலே விலையின் அளவுகோல். துப்பாக்கிக்கு இத்தனை தோல், கம்பளிக்கு இத்தனை தோல் என்று கணக்கு நடந்தது. காட்டில் அலைந்து பொருளைக் கொண்டுவருபவர் ஒருவர், அதற்கு விலை வைப்பவர் வேறொருவர். புக்கானன் ஆனைமலை அடிவாரத்தில் கண்டதும் இதே ஏற்பாட்டின் சிறிய வடிவம்.

மலசர் பற்றிய பகுதி

கோவை, பாலக்காடு பகுதிகளை விவரிக்கும் இரண்டாம் தொகுதியில் இப்பகுதி வருகிறது. புக்கானன் சொல்வதன் சுருக்கம் இது.

அங்குள்ள காடுகள் பல பதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பதிக்கும் தெரிந்த எல்லை உண்டு. ஒவ்வொன்றிலும் மலசர் குடும்பங்கள் ஒன்றோ பலவோ வாழ்கின்றன. பதியும் அதில் வாழும் மக்களும் ஒரு நிலவுடைமையாளரின் சொத்தாகக் கருதப்படுகிறார்கள். அவர் அம்மக்களின் உழைப்பையும் அவர்கள் திரட்டும் பொருள்களையும் ஒரு வணிகருக்கு, அதாவது ஒரு செட்டிக்கோ மன்னாடிக்கோ, குத்தகைக்கு விடுகிறார். மலசர் விற்கக்கூடிய எதையும் வாங்கும் தனியுரிமை அந்த வணிகருக்கே. அவர்களுக்கு உப்பும் மற்ற தேவைகளும் கொடுப்பவரும் அவரே. கொடுக்க ஏதும் கிடைக்காத நாட்களில் அரிசி கிடையாது. காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்கிறார்கள்.

தாராபுரம், ஆனைமலை, பாலக்காடு மலைச்சரிவுகளின் காட்டோரத்தில் ஐந்தாறு குடிசைகள் கொண்ட சிற்றூர்களில் வாழ்வதாகவும், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவதாகவும் எழுதுகிறார். காட்டில் சிறு துண்டுகளைக் கொத்தி கேழ்வரகு, அவரை, ஆமணக்கு போன்றவை பயிரிடுகிறார்கள். தங்களுக்காகவும் செய்கிறார்கள், அருகிலுள்ள விவசாயிகளுக்குக் கூலிக்காகவும் செய்கிறார்கள். மரமும் விறகும் வெட்டக் கூலிக்குப் போகிறார்கள். சுற்றுச்சுவருக்குள் இருக்கும் ஒரு கல் அவர்களின் தெய்வம். ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் ஆடு பலியிட்டு, அரிசி, தேன், மெழுகு முதலியவற்றைப் படைக்கிறார்கள். படைக்கத் தவறினால் யானையும் புலியும் வந்து தங்களையும் வீடுகளையும் அழிக்கும் என்று நம்புகிறார்கள்.

ஒரு பக்க அளவுள்ள குறிப்பு இது. ஆனால் ஒரு முழுப் பொருளாதாரமே இதில் இருக்கிறது. எல்லை, உடைமை, குத்தகை, ஏகபோகம், உணவு, பஞ்சம், கூலி, தெய்வம் என எதுவும் விடுபடவில்லை. உப்பைக் கொடுப்பவனே தேனுக்கும் விலை வைப்பான் என்ற ஒரு செய்தி போதும், அந்த மக்கள் எந்தக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள.

வட அமெரிக்காவோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடும் தெரிகிறது. அங்கே ஹட்சன் பே கம்பெனிக்கு எதிராக நார்த் வெஸ்ட் கம்பெனி இருந்தது. 1821-இல் இரண்டும் இணையும்வரை தோல் கொண்டுவரும் பழங்குடியினர் ஒரு கம்பெனி சரியான விலை தராவிட்டால் மற்றதை நாட முடிந்தது. மலசருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்களின் பொருள் மட்டுமல்லாமல் அவர்களே குத்தகையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள்.

நூலின் வலிமை

முதலாவது, புக்கானன் பொதுமைப்படுத்தி நிறுத்திக்கொள்வதில்லை. கொங்கு நாட்டுப் பக்கங்கள் முழுவதும் நன்செய், புன்செய், தோட்டம் என்ற நிலப் பிரிவுகள், கபிலை கொண்டு நீர் இறைக்கும் முறை, அளவைகள், விலைகள், நெசவாளர் நிலை என்று துல்லியமான செய்திகள் நிறைந்திருக்கின்றன. ஈரோட்டுப் பக்கம் காலிங்கராயன் வாய்க்காலைப் பார்த்தபோது வாய்க்காலின் பயனோடு அதைப் பற்றி ஊரார் சொல்லும் கதையையும் எழுதிவைக்கிறார்.

இரண்டாவது, தாவரவியலாளர் என்பதால் பயிர்களின் உள்ளூர்ப் பெயரோடு இலத்தீன் பெயரையும் தருகிறார். உள்ளூர்ப் பெயரை அவர் பிழையாகக் கேட்டிருந்தாலும் பயிர் எது என்பதில் ஐயம் வருவதில்லை.

மூன்றாவது, நாட்குறிப்பு வடிவம். நூல் சீராகத் தொகுக்கப்படவில்லை என்பது குறையாகச் சொல்லப்படுவதுண்டு. வரலாற்று வாசகனுக்கு அதுவே நன்மை. எந்த நாளில், எந்த ஊரில் என்ற வரிசை குலையாமல் இருக்கிறது. தொகுத்து எழுதியிருந்தால் ஆனைமலை மலசரும் வேறொரு மலையின் மக்களும் ஒரே தலைப்பின் கீழ் கலந்து போயிருப்பார்கள்.

நூலின் குறைகள்

புக்கானனுக்கு இந்த நாட்டின் மொழிகள் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வழியாகவே கேட்டார். கேட்டவர் புதிய ஆட்சியின் அதிகாரி. பதில் சொன்னவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். வரி உயருமோ என்ற அச்சத்தில் விளைச்சலைக் குறைத்துச் சொல்வது எந்தக் குடியானவரும் செய்யக்கூடியதே.

மலசரைப் பற்றிய பகுதியில் இக்குறை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. அவர் அவர்களின் பதிக்குச் சென்று விசாரித்ததாகச் சொல்லவில்லை. சிலரை வரவழைத்துக் கேட்டதாகவே சொல்கிறார். வரவழைக்கப்பட்டவர்களின் பெயர் இல்லை. அவர்களை அழைத்துவந்தவர் யார் என்பதும் இல்லை. குத்தகைதாரரின் ஆள் பக்கத்தில் நிற்கும்போது சொல்லப்பட்ட பதிலா, தனியாகச் சொல்லப்பட்ட பதிலா என்பது இப்பகுதியை எப்படி நம்புவது என்பதையே மாற்றிவிடும். அவர்களின் ஆடை, தோற்றம் பற்றி அவர் பயன்படுத்தும் சொற்கள் இழிவானவை. பசியால் வாடியவர்கள் என்று எழுதும் அதே வரியில் அழுக்கானவர்கள் என்றும் எழுதுகிறார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

இங்கே ஹெர்னின் நூலோடு ஒப்பிடுவது பயனுள்ளது. 1770 முதல் 1772 வரை நடந்த தன் பயணத்தை நடத்திக்கொடுத்த சிப்பெவையன் தலைவர் மட்டோனாபியை ஹெர்ன் பெயர் சொல்லி எழுதுகிறார். அவரது வாழ்க்கையையும் தனியாகச் சுருக்கித் தருகிறார். ஹெர்னின் நூலும் குற்றமற்றதல்ல. 1771-இல் இன்யூட் மக்கள் கொல்லப்பட்ட நிகழ்ச்சியை அந்நூல் விவரிக்கும் விதத்தை கையெழுத்துப் பிரதிகளோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அச்சுக்கு வரும்போது அது மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று காட்டியுள்ளனர். ஆனாலும் ஒரு மனிதரின் பெயர் அங்கே எஞ்சியது. நம் நூலில் அதுவும் இல்லை.

கோவையிலேயே இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1842 முதல் 1853 வரை கோவையில் பருத்திச் சோதனைப் பண்ணைகளை நடத்திய ராபர்ட் வைட், தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி ஆயிரக்கணக்கான படங்கள் கொண்ட தொகுதிகளை வெளியிட்டார். அப்படங்களை வரைந்த இந்திய ஓவியர்கள் ரங்கய்யா, கோவிந்து ஆகியோரின் பெயர்கள் படங்களின் அடியில் இடம்பெற்றன. அச்சிட்ட அந்தச் சிறு எழுத்துகளே பின்னர் ஹென்றி நோல்டி போன்ற ஆய்வாளர்கள் அவர்களை மீட்டெடுக்கத் துணை செய்தன. ஒரு பெயரைக் குறிப்பதற்கு அரை வரி போதும். அதைச் செய்யாவிட்டால் இருநூறு ஆண்டுக்குப் பிறகு யாராலும் ஈடுசெய்ய முடியாது.

பின்வந்த நூல்களில் இப்பகுதி

புக்கானனுக்குப் பின் ஆனைமலையைப் பற்றி வந்த ஆங்கில நூல்களில் பார்வை மக்களிடமிருந்து மரத்துக்கும் விலங்குக்கும் நகர்கிறது. சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரான ஹ்யூ கிளெக்ஹார்ன் 1861-இல் வெளியிட்ட தென்னிந்தியக் காடுகளும் தோட்டங்களும் பற்றிய நூலில் தேக்கே முதன்மை. டக்ளஸ் ஹாமில்டனின் வேட்டைக் குறிப்புகள் 1892-இல் நூலாயின. இவற்றில் மலைவாழ் மக்கள் பெரும்பாலும் வழிகாட்டியாகவும் சுமைதூக்கியாகவும் வருகிறார்கள்.

எஃப். ஏ. நிக்கல்சன் 1887-இல் வெளியிட்ட கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு புக்கானனை அடிக்கடி எடுத்தாள்கிறது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில், மலசர் என்ற தலைப்பின் கீழ் புக்கானனின் இப்பகுதி எடுத்துத் தரப்பட்டுள்ளது. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் தர்ஸ்டனின் நூலைத் தமிழில் கொண்டுவந்ததால் தமிழ் வாசகருக்கும் இப்பகுதி தர்ஸ்டன் வழியாகவே பெரிதும் தெரியவந்தது.

அப்படி வந்ததில் ஓர் இழப்பு நேர்ந்தது. பயணத்தின் நடுவே, நாளும் இடமும் கூடிய நாட்குறிப்பில் இருந்த செய்தி, அகரவரிசையில் அமைந்த சாதிக் களஞ்சியத்தின் ஒரு பத்தியாக மாறியது. 1800-இல் நிலவிய ஒரு குத்தகை ஏற்பாடு, ஒரு குலத்தின் நிலையான இயல்பு போலத் தோன்றத் தொடங்கியது. 'அவர்கள் இப்படித்தான்' என்பதற்கும் 'அந்த ஆண்டு அவர்கள் இப்படி வைக்கப்பட்டிருந்தார்கள்' என்பதற்கும் உள்ள தொலைவு பெரிது.

சேகரிப்பாளர்களும் நூலும்

கொங்கு நாட்டில் நூல் சேகரிப்புக்கும் வரலாற்று எழுத்துக்கும் நல்ல மரபு உண்டு. கோவைகிழார் சி. எம். இராமச்சந்திரன் செட்டியார் தாம் திரட்டியவற்றிலிருந்து கொங்கு வரலாற்றை எழுதினார். புலவர் செ. இராசு செப்பேடுகளையும் ஓலைகளையும் தேடித் திரட்டி அச்சேற்றினார். இவர்களுக்குச் சேகரிப்பு என்பது எழுத்துக்கு முந்தைய படி. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டிய நூல்கள் 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. பட்டியலிடப்பட்டு எல்லோருக்கும் திறந்தன.

இன்றைய அரிய நூல் சேகரிப்பில் வேறொரு போக்கும் வளர்ந்திருக்கிறது. கோவையில் ஒரு சேகரிப்பாளரின் வீட்டில் புக்கானனின் 1807 பதிப்பைப் பார்க்கும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிடைத்தது. மூன்று தொகுதிகளும் கண்ணாடி அலமாரியில் இருந்தன. தோல் அட்டை, தங்க எழுத்து, தாளின் தரம் ஆகியவற்றை அவர் ஆர்வத்தோடு விளக்கினார். தம் முன்னோர் ஊரைப் பற்றிய பக்கத்தில் பட்டுநூல் வைத்திருந்தார். மலசரைப் பற்றிய பக்கத்தைப் பார்க்கலாமா என்று கேட்டபோது, அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தேடி எடுத்து இருவரும் சேர்ந்து வாசித்தோம். வாசித்து முடித்ததும் சற்று நேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, 'இந்தப் பதியெல்லாம் எங்கே இருந்திருக்கும் சார்?' என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கரையானுக்கும் பழைய தாள் வியாபாரிக்கும் போகாமல் அந்த மூன்று தொகுதிகளையும் காத்தவர் அவர். ஆனால் பட்டுநூல் வைத்த பக்கமும் வைக்காத பக்கமும் ஒரு பொதுப் பழக்கத்தைக் காட்டுகின்றன. நம் ஊர், நம் குலம், நம் கோயில் வரும் பக்கங்களை மேற்கோள் காட்டுகிறோம். அதே நூலில் நம் முன்னோர் யாரைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள் என்ற பக்கத்தைத் தாண்டிவிடுகிறோம். விழா மலர்களிலும் ஊர் வரலாறுகளிலும் இந்நூல் இப்படித்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. பாதி நூலை மட்டும் மேற்கோள் காட்டுவது நூலை இல்லாமலாக்குவதைவிட அதிகத் தீங்கு செய்யும். ஏனென்றால் அது சான்றின் தோற்றத்தோடு வருகிறது.

கனடாவில் தோல் வணிக நூல்களைச் சேகரித்தவர்களின் ஆர்வம் வேறு வழியில் சென்றது. 1905-இல் டொராண்டோவில் தொடங்கப்பட்ட சாம்ப்ளெயின் கழகம் பழைய பயணநூல்களைக் குறிப்புரையோடு மறுபதிப்பு செய்தது. ஹெர்னின் நூலை, வடபகுதியை நேரில் அளந்தறிந்த ஜே. பி. டிரெல் பதிப்பித்து 1911-இல் அக்கழகம் வெளியிட்டது. ஹட்சன் பே கம்பெனியின் ஆவணங்கள் இன்று மானிடோபா மாகாண ஆவணக்காப்பகத்தில் பொதுச்சொத்தாக உள்ளன. அங்கும் அந்நூல்களில் பழங்குடியினர் தரப்பு போதிய அளவு இல்லை என்ற விமர்சனம் உண்டு. ஆனால் விமர்சிப்பதற்கான பதிப்பாவது இருக்கிறது.

இன்று இப்பகுதி ஏன் முக்கியம்

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் பட்டியல் பழங்குடியினருக்கும் பிற பாரம்பரிய வனவாசிகளுக்கும், மரபாகத் திரட்டிவந்த சிறு வனப்பொருள்களின் மீது உடைமையுரிமை அளிக்கிறது. தேன், மெழுகு, மூலிகை, வேர், கிழங்கு ஆகியவற்றைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. புக்கானனின் பக்கத்தில் இருக்கும் பொருள்களும் ஏறக்குறைய இவையே.

இச்சட்டத்தின் விதிகள் உரிமை கோருவோர் ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைக் காட்ட வேண்டும் என்கின்றன. பெரியவர்களின் வாக்குமூலம், நிலத்தில் காணப்படும் அடையாளங்கள் ஆகியவற்றோடு அரசிதழ்க் கையேடுகள், கணக்கெடுப்புகள், நில அளவை அறிக்கைகள், வரைபடங்கள் போன்ற அரசு ஆவணங்களும் சான்றாகக் கொள்ளப்படும். பழங்குடியினரின் தனிநபர் உரிமைக்கு இருநூறு ஆண்டு பழைய நூல் தேவையில்லை. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அங்கே வாழ்ந்துவந்தால் போதும். ஆனால் ஒரு பதியின் மரபான எல்லை எது, எதை எங்கே திரட்டினார்கள் என்று சமூக உரிமை கோரும்போது, கவர்னர் ஜெனரலின் ஆணைப்படி 1800-இல் எழுதப்பட்ட ஒரு குறிப்பு, பெரியவர்களின் வாய்மொழிக்குத் துணை நிற்கும். காடு பதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது, ஒவ்வொன்றுக்கும் தெரிந்த எல்லை இருந்தது என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அதே பத்தி, பதி வேறொருவரின் சொத்து என்றும் சொல்கிறது. வெட்டி எடுத்தால் இரண்டு தரப்பும் இதைப் பயன்படுத்தலாம். ஆகவே முழுமையாக, யார் யாரிடம் எந்தச் சூழலில் கேட்டது என்ற குறிப்போடு சேர்த்துத்தான் இப்பகுதி தரப்பட வேண்டும். நிலத்துக்குச் சொந்தம் கொண்டாடியவர் யார் என்பது ஒரு கேள்வி. அந்த நிலத்தை அறிந்து, அதில் வாழ்ந்து, அதன் பொருளைத் திரட்டியவர் யார் என்பது வேறொரு கேள்வி. சட்டம் அங்கீகரிப்பது இரண்டாவதைத்தான்.

செய்ய வேண்டியவை

கொங்கு நாட்டைப் பற்றிய புக்கானனின் பக்கங்கள் மட்டும் தனியாக, குறிப்புரையோடு தமிழில் தொகுக்கப்பட வேண்டும். மூன்று வேலைகள் இதில் உண்டு.

முதல் வேலை பெயர்களை மீட்பது. அவர் 'தாராபொரம்' என்று எழுதியது தாராபுரம், 'அணி-மலயா' ஆனைமலை, 'புட்டி' என்பது பதி, 'கொட்டு-காடு' என்பது கொத்துக்காடு என்று இந்த வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு எளிதில் விளங்கும். வெளியூர் ஆய்வாளருக்கு விளங்காது. மலசரின் தெய்வத்தை அவர் 'மல்லங்' என்று எழுதுகிறார். இதை நூலகத்தில் உட்கார்ந்து திருத்தக் கூடாது. பதிகளுக்குச் சென்று அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் பெயரோடு எழுத வேண்டும்.

இரண்டாம் வேலை ஒவ்வொரு செய்தியும் யாருடைய வாயிலிருந்து வந்தது என்பதைப் பிரித்துக் காட்டுவது. அவர் கண்ணால் கண்டது, விவசாயி சொன்னது, அதிகாரி சொன்னது, வரவழைக்கப்பட்டவர் சொன்னது என்ற நான்கும் ஒரே மதிப்புடையவை அல்ல.

மூன்றாம் வேலை நிக்கல்சன், தர்ஸ்டன் நூல்களில் இப்பக்கங்கள் எப்படி எடுத்தாளப்பட்டன, எங்கே சுருங்கின என்பதை ஒப்பிட்டுத் தருவது.

இவற்றில் எதற்கும் 1807 பதிப்பு தேவையில்லை. இலவச மின்படியும் ஒரு நோட்டுப் புத்தகமும் ஊர் தெரிந்தவர்களும் போதும். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலர் இவ்வட்டாரத்தில் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வட்டத்தை எடுத்துக்கொண்டால் சில ஆண்டுகளில் முடியக்கூடிய வேலை இது.

மதிப்பீடு

புக்கானனின் நூல் கொங்கு நாட்டின் பெருமையைச் சொல்ல எழுதப்பட்டதல்ல, அதன் மக்களுக்கு இரங்கி எழுதப்பட்டதும் அல்ல. வருவாய் தேடி எழுதப்பட்டது. அந்த நோக்கமே அவரைத் துல்லியமாகக் கணக்கெடுக்க வைத்தது. கணக்குக்கு வெளியே நின்றவர்களின் பெயர்களைக் கேட்காமலும் விடச் செய்தது. நூலின் வலிமையும் குறையும் ஒரே வேரிலிருந்து வருபவை என்பதை ஏற்றுக்கொண்டு வாசிப்பதே சரியான வாசிப்பு.

அரிய நூல் என்பது கிடைப்பதற்கு அரியது என்ற பொருளில் மட்டும் வழங்கிவருகிறது. இந்நூலைப் பொறுத்தவரை இன்று கிடைப்பதில் சிரமம் இல்லை. முழுதாக வாசித்தவர்தான் அரிது. கண்ணாடி அலமாரியில் இருக்கும் பிரதியும் இணையத்தில் இருக்கும் பிரதியும் ஒரே செய்தியைத்தான் வைத்திருக்கின்றன. அந்தச் சேகரிப்பாளர் கேட்ட கேள்வியிலிருந்து வேலையைத் தொடங்கலாம். பதிகள் எங்கே இருந்தன என்பதற்கான விடை புக்கானனிடம் பாதி இருக்கிறது. மீதி ஆனைமலை அடிவாரத்தில் இன்றும் வாழும் மலசரிடம் இருக்கிறது.